வெள்ளீயமும் காரீயமும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் மொழி. கல்வியாகிய சித்திரத்தை எழுதுவது ஆசிரியர் கடன். அச்சித்திரத்தைத் தாங்கும் சுவராகிய உடலைப் பேணுவது வீட்டின் கடன். இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தல் இயலாது. ஆதலின், இவ்வாண்டு மலரில் தேர்வுகளைப் பற்றியும் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் எழுதாமல், நம் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கும் பாத்திரங்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். தலைமையாசிரியருக்குச் சட்டி பானையோடு என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். இக்கட்டுரையை முழுவதும் படித்தபின் அவ்வாறு நகைக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

ஈயம் என்னும் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு என்கிறோம். பித்தளைப் பானைக்கு ஈயம் பூச வேண்டும் என்கிறோம். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு என்கிறோம். பேராக் மாநிலத்து ஈயச் சுரங்கம் என்கிறோம். அலுமினியச் சட்டியைக்கூட நம்மிற் பலர் ஈயச்சட்டி என்றே அழைப்பர். இவை யாவும் ஒரே உலோகம் என்று எண்ணுவோமாயின், இடர் அங்கேதான் தொடங்குகிறது.

உண்மையில் ஈயம் இரண்டு. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பெயரளவில் உடன்பிறந்தவை போலத் தோன்றினும், இவை வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீயம் வெள்ளி போன்ற நிறமுடையது. 232 பாகை செல்சியசில் உருகும். நீரைப் போல் ஏறத்தாழ 7.3 மடங்கு எடையுள்ளது. காரீயமோ வெட்டிய இடத்தில் சற்று நேரம் நீலம் கலந்து மின்னி, விரைவில் சாம்பல் நிறமாக மங்கிவிடும். 327 பாகையில் உருகும். நீரைப் போல் 11.3 மடங்கு எடையுள்ளது. வெள்ளீயம் உணவோடு சிறிதளவு சேர்ந்தாலும் குடல் அதனை மிகக் குறைவாகவே ஏற்கும். காரீயமோ உடலுக்கு எவ்வகையிலும் பயன்படாத கொடிய நஞ்சு.

இப்பெயர்க் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலாய் மொழியில் வெள்ளீயத்தைத் திமா என்பர். காரீயத்தைத் திமா ஹித்தாம், அதாவது கருப்புத் திமா என்பர். பண்டை ரோமானியரும் இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, வெள்ளை, கருப்பு என்னும் அடைமொழிகளாலேயே பிரித்தறிந்தனர். மூன்று மொழி பேசிய மக்களும் நிறத்தைக் கொண்டே வேறுபாடு கண்டனர் என்பது வியப்புக்குரியது. நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் இவற்றின் மலாய்ப் பெயரைப் படிக்கும்போது, தமிழ்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் நெஞ்சில் பதியும்.

பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, இந்நாட்டுக்குச் செல்வம் சேர்த்தது வெள்ளீயமே. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தபின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இன்று அவற்றின் பள்ளங்கள் குளங்களாகக் காட்சியளிக்கின்றன. ஈப்போ, கம்பார் வழியாகப் பயணம் செய்யும் பிள்ளைகள் அக்குளங்களைக் கண்டிருப்பர். பால் டின்னின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாக இருப்பதும் அந்த வெள்ளீயந்தான்.

இனி நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு வருவோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் புளிப்பான உணவு தங்கினால் களிம்பு ஏறும், உணவு கெடும். அதனைத் தடுக்கவே நம் முன்னோர் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசினர். என் சிறுபிராயத்தில், 1970களில், லயத்து வாசலில் ஈயம் பூசுபவர் வந்து அமர்ந்தால் பிள்ளைகளாகிய எங்களுக்கு அதுவே திருவிழா. மண்ணில் சிறு குழி தோண்டி, கரியிட்டு, துருத்தியால் ஊதி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சுவார். நவச்சாரத் தூளைத் தூவியவுடன் வெண்புகை குபீரென்று எழும். ஈயக் கம்பியை ஒரு தீற்றுத் தீற்றிப் பழந்துணியால் துடைப்பார். கண்ணிமைக்கும் நேரத்தில் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் ஒளிரும். அவ்வித்தையைக் காண வீட்டுப்பாடத்தையும் மறந்து நின்றவர் பலர்.

அக்கம்பி தூய வெள்ளீயமாயின் அச்செயல் உடல்நலத்துக்கு உகந்ததே. ஆயினும் வெள்ளீயம் விலை மிக்கது, காரீயம் மலிவானது, இரண்டும் எளிதில் ஒன்றாகக் கலக்கும். கலந்தபின் அவற்றைக் கண்ணால் பிரித்தறிதல் அரிது. ஆதாயத்துக்காகவோ அறியாமையாலோ காரீயம் கலந்த கம்பியைப் பூசிவிட்டால், களிம்பைத் தடுக்க வந்த பூச்சே நஞ்சாகிவிடும். பாம்புக்கு அஞ்சி ஏறிய மரத்தில் புலி இருந்த கதைதான் அது.

ஈயச் சொம்பின் நிலையும் இதுவே. இரசத்துக்கு மணம் தருவதாக நாம் போற்றும் சொம்பு வெள்ளீயத்தால் ஆகியிருக்க வேண்டும். வெறும் சொம்பை அடுப்பில் வைக்கலாகாது என்று பாட்டிமார் எச்சரிப்பதன் காரணத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையை ஒட்டியே நிற்கும், சொம்பு உருகாது. நீர் வற்றினால் வெப்பம் 232 பாகையைத் தாண்டும். சொம்பு அடுப்பிலேயே ஒழுகிவிடும். இது பாட்டிமார் கண்ட இயற்பியல். ஆனால் அச்சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்பதை எந்தப் பாட்டியாலும் நாவால் அறிய முடியாது. ஏனெனில் காரீயத்துக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கசப்புச் சுவை இல்லை. புளிக்காடியோடு கூடினால் அது இனிப்பான ஓர் உப்பாகக்கூட மாறும். நஞ்சு இனித்தால் நாக்கு எவ்வாறு எச்சரிக்கும்?

பண்டை ரோமானியர் திராட்சைச் சாற்றைக் காரீயக் கலங்களில் காய்ச்சிப் பாகாக்கி உண்டனர். அப்பாகில் காரீயமும் கரைந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஆப்பிள் மது குடித்தோருக்குக் கடும் வயிற்றுவலி நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர், பழம் பிழியும் சாதனங்களில் பயன்பட்ட காரீயமே அதற்குக் காரணம் என்று 1767இல் எடுத்துக்காட்டினார். திராட்சையும் ஆப்பிளும் ஆங்கே செய்ததைப் புளியும் எலுமிச்சையும் தக்காளியும் மோரும் ஈங்கே செய்யும். புளிப்பு மிக மிக, சூடு ஏற ஏற, பாத்திரத்தில் உணவு தங்கும் நேரம் நீள நீள, கரையும் காரீயமும் மிகும்.

என் தாயாரிடமும் ஓர் ஈயச் சொம்பு இருந்தது. என் பாட்டியார் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தபோது துணிமூட்டைக்குள் பொதிந்து கொணர்ந்தது. பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய களைப்போடு என் தாயார் அதில் வைத்த இரசத்தின் மணம், லயத்தின் கடைசி வீடுவரை செல்லும். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்தபின், காரீயத்தைப் பற்றி நான் படித்தவற்றை அவரிடம் எடுத்துரைத்தேன். "உன் பாட்டி எழுபது வயதுக்கு மேலும் நன்றாகத்தானே இருந்தாங்க?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன மறுமொழி இது: "அம்மா, இந்தச் சொம்பு நல்ல வெள்ளீயமாகவே இருக்கலாம். ஆனால் வாங்கிய கடையும் தெரியாது, வார்த்தவரும் தெரியாது. பெரியவர்களைவிடப் பேரப்பிள்ளைகளையே இது முதலில் தாக்கும்." என் தாயார் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் சொம்பைப் புளியிட்டு விளக்கி, சாமி மாடத்தின் அருகில் வைத்தார். அன்றுமுதல் எவர்சில்வர் பாத்திரத்தில் இரசம் வைத்தார். மணம் சற்றே குறைந்தது என்று அவரே சொல்லிச் சிரித்ததும் உண்டு. பாட்டியின் நினைவும் போற்றப்பட்டது; பிள்ளைகளின் உடலும் காக்கப்பட்டது. பழம்பொருளைப் போற்றுவது வேறு. அதில் சமைத்து உண்பது வேறு.

பிள்ளைகளை முதலில் தாக்கும் என்றேன். அதன் காரணத்தையும் கூறுகிறேன். உடலானது காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாந்துபோகிறது. வளரும் பிள்ளையின் உடல் எலும்புக்கும் பல்லுக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தேடி அலைவதால், காரீயத்தையும் ஆவலோடு ஈர்த்துக்கொள்கிறது. ஒரே அளவு காரீயம் உணவோடு உட்சென்றால், பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு மிகுதியாக ஏற்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உட்சென்ற காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கும். இளம்பெண்ணின் எலும்பில் தங்கியது, அவள் தாயாகும் காலத்தில் இரத்தத்தில் கலந்து கருவிலிருக்கும் சிசுவையும் சென்றடையும். பிறவாத பிள்ளைக்கும் பகையான பொருள் இது.

அது செய்யும் தீங்குகளுள் சோகையும் மலச்சிக்கலும் வயிற்றுவலியும் வெளியே தெரிவன. வெளியே தெரியாதது மூளைக்கு நேரும் கேடு. கவனம் சிதறும்; நினைவு தளரும்; எளிதில் சினம் வரும்; கற்கும் ஆற்றல் குறையும். பல வேளைகளில் இவற்றைத் தவிர வேறு அறிகுறியே இராது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே இன்றைய மருத்துவ முடிவு. 1960களில் அமெரிக்க மருத்துவர்கள், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம் காரீயம் இருந்தால்தான் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்று கருதினர். ஆய்வுகள் வளர வளர அவ்வெல்லை படிப்படியாகக் குறைந்து, 2021இல் 3.5 மைக்ரோகிராம் என்று வந்து நிற்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உலகில் மூன்று பிள்ளைகளுள் ஒரு பிள்ளையின் இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பிள்ளைகளின் இரத்தத்தில், 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமாகிய யூனிசெஃப் 2020இல் அறிவித்தது.

நான் முன்னர்ப் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில், மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். அமைதியானவன். அடிக்கடி வயிற்றுவலி என்பான். முகம் வெளிறியிருக்கும். நேற்றுப் படித்ததை இன்று கேட்டால் விழிப்பான். பாடம் ஏறாத பிள்ளை என்று உடன் படிப்போரும் சொல்லத் தொடங்கினர். ஒருநாள் மாலை அவன் இல்லம் சென்றேன். வீட்டின் பின்புறம் அவனுடைய தந்தையார் வீச்சுவலைக்குக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார். உடைத்த கார் பேட்டரியின் தகடுகள் ஒருபுறம். விறகடுப்பின் மேல் பழைய அலுமினியச் சட்டியில் உருகிய காரீயம் மறுபுறம். "வேலை முடிந்தால் சட்டியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுவோம், சார். மீன் அவிக்க ஆகுமே" என்றார். அவர் கெட்ட தந்தை அல்லர். உழைத்துக் களைத்தபின்னும் பிள்ளைகளுக்கு ஆற்றுமீன் பிடித்து வரும் நல்ல தந்தை. காரீயத்தின் கேட்டை அவருக்கு எடுத்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை, அவ்வளவே.

அவரும் அவர் துணைவியாரும் மறுவாரமே பையனை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி இரத்தம் பரிசோதித்தனர். காரீயம் மிகுந்திருப்பது தெரிந்தது. சட்டி போயிற்று; வார்ப்பு வேலை நின்றது; பின்புறத்து மண்ணையும் அகற்றினர். மாதங்கள் செல்லச் செல்ல இரத்தத்தில் காரீயத்தின் அளவு இறங்கியது. வயிற்றுவலி விட்டது, சிறுவன் முன்னினும் தெளிந்தான். ஆயினும், அதற்கு முன் அவன் இழந்தது எவ்வளவு என்பதை எந்த மருத்துவராலும் அளந்து சொல்ல இயலவில்லை. மூளைக்கு நேர்ந்த குறை முழுவதும் மீள்வதில்லை. வந்தபின் மருத்துவம் செய்வதைவிட வருமுன் காப்பதே இதில் ஏற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாடம் ஏறாத பிள்ளைகள் எல்லாரும் காரீயத்தால் துன்புறுகின்றனர் என்பதன்று என் கருத்து. பசி, உறக்கமின்மை, கண்பார்வைக் குறை, வீட்டுக் கவலை எனக் காரணங்கள் பல. ஆனால் ஒரு பிள்ளையை மந்தம் என்று பெயரிட்டு ஒதுக்குமுன், அவன் உண்ணும் தட்டையும் குடிக்கும் குவளையையும் ஒருமுறை பார்ப்பது நம் அனைவரின் கடமை.

பழம் பாத்திரங்களோடு இந்த இடர் முடிந்துவிட்டது என்றும் எண்ணற்க. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கரையக்கூடும் என்று அது கூறியது. எல்லா அலுமினியப் பாத்திரங்களும் தீயன என்பது இதன் பொருளன்று. பல்வகைப் பழைய இரும்பு, இயந்திர உறுப்புகள் முதலிய கழிவுகளோடு சேர்த்து உருக்கி வார்த்த மலிவுப் பாத்திரங்களில் வேண்டாத உலோகங்கள் புகுந்துவிடக்கூடும். வார்ப்புப் பித்தளையில் கடைசல் எளிதாவதற்காகச் சிறிது காரீயம் சேர்ப்பதும் உண்டு. ஓட்டை விழுந்த கெத்தலுக்கும் வாளிக்கும் வைத்த பழைய ஈயப்பற்றிலும் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருக்கும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று, தூய வெள்ளீயத்தைவிடக் குறைந்த வெப்பத்தில், 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். அவ்வாறு ஒட்டுப்போட்ட கெத்தலில் கோப்பிக்கு நீர் காய்ச்சுதல் ஆகாது.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பாத்திரத்தை எத்துணை தேய்த்துக் கழுவினாலும் உலோகத்தினுள் இருக்கும் காரீயம் நீங்காது. அழுத்தித் தேய்த்தால் புதிய பரப்பு வெளிப்பட்டு மேலும் கரையவும் கூடும்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவற்றை வரிசைப்படுத்துகிறேன். தாய்மார்கள் இப்பக்கத்தைக் கிழித்து அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் மகிழ்வேன்.

1. அன்றாடச் சமையலுக்கும் குடிநீருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களே ஏற்றவை. புளிக்குழம்பு, இரசம், மோர், எலுமிச்சைச் சாறு, ஊறுகாய் ஆகியவற்றுக்கு இது கட்டாயம். ஊறுகாய்க்குக் கண்ணாடிச் சாடியும் நன்று.

2. எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது என்று தெரியாத ஈயச் சொம்பு, பூச்சுப்பூசிய பித்தளை, பழங்கால வெள்ளீயக் கலவைக் குவளை ஆகியவற்றை மாடத்தில் வையுங்கள், அவற்றில் சமைக்காதீர்கள்.

3. மெருகு பூசிய மண்பாத்திரமும் பீங்கானும் உணவுக்கெனச் செய்தவைதாமா என்று கேட்டு வாங்குங்கள். மெருகிலும் காரீயம் இருத்தல் உண்டு.

4. ஈயப்பற்று வைத்த கெத்தலையும் தூக்குச்சட்டியையும் உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

5. பேட்டரியை வீட்டில் உடைத்தலும் காரீயத்தை உருக்குதலும் வேண்டா. அதன் புகையும் தூளும் துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும்.

6. மாணவர்களே, தூண்டில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்காதீர்கள். அதைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உண்ணாதீர்கள்.

7. காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வெறும் வயிறு காரீயத்தை மிகுதியாக ஏற்கும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த உடல் குறைவாகவே ஏற்கும். முருங்கைக் கீரை, பால், முட்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி, கொய்யாப்பழம் ஆகியவை நம் கைக்கெட்டும் காவலர்கள்.

8. ஐயம் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரீயத்தைக் கண்டறிய அதுவே உறுதியான வழி. நாட்டு மருந்து கொடுத்துக் காலம் தாழ்த்தாதீர்கள்.

புதிய பாத்திரம் வாங்கப் பணம் வேண்டுமே என்று ஏழைப் பெற்றோர் எண்ணுதல் இயல்பே. அனைத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் பிள்ளையின் குவளை. அடுத்து இரசச் சட்டி. பின்னர் கெத்தல் என்று மாதம் ஒன்றாக மாற்றினாலும் போதும். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி, ஓர் எவர்சில்வர் குவளைக்குப் போதுமானது. பட்டாசின் ஒலி அன்றே அடங்கிவிடும். குவளையோ, பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை உடன் வரும்.

மாணவச் செல்வங்களே! இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பாட்டியாரிடமோ அம்மாவிடமோ, "நம் வீட்டில் உள்ளது எந்த ஈயம்?" என்று பணிவோடு கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டபின், இம்மலரில் உள்ளதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பல செய்திகள் எனக்குத் தெரியாதவை. எனக்குத் தெரிந்த இச்செய்தி அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பெரியோரின் அனுபவமும் பள்ளியின் அறிவும் ஒரே அடுப்பங்கரையில் சந்திக்குமானால், நம் பிள்ளைகள் நலமாக வளர்வர், தெளிவாகக் கற்பர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!